மூன்று முறை கேட்க வேண்டும்

ஓர்லா டெம்ப்சி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். வினை அதில்தான் வந்தது.

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. போன வாரம் டப்ளினை முடக்கிப் போட்ட பனி, தெருவோரங்களில் இன்னும் அழுக்குக் குவியலாகக் கிடந்தது. பப் திறப்பதற்கு அரை மணி நேரம் இருந்தது. மாலக்கி டோலன் கவுண்ட்டரின் பித்தளைக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓர்லா வேலைநேர அட்டவணையுடன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாலக்கி, இந்த வருஷத்துலேருந்து புனித வெள்ளியும் பப் திறக்கலாம்னு சட்டம் மாறிடுச்சுல்ல? நானும் திறக்கப் போறேன். நீங்க அன்னைக்கு லீவு எடுத்துக்கிறீங்களா? இத்தனை வருஷமா உங்களுக்கு லீவு நாளாச்சே."

"அட, லீவெல்லாம் எதுக்கும்மா? நான் வந்துடறேன். வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறேன்?"

"நிஜமாவா? அப்பாடா! ரொம்ப நன்றி மாலக்கி. யாரைப் போடறதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் நீல மையால் அவர் பெயரை எழுதி, அடியில் ஒரு கோடும் இட்டுவிட்டு எழுந்து போனாள். மாலக்கியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது.

டப்ளினில் ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால், அது தேநீராயினும் சரி, விடுமுறையாயினும் சரி, முதல் முறை மறுப்பது மரியாதை. இரண்டாம் முறை மறுப்பது, கொடுப்பவர் மனதாரத்தான் கொடுக்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் முறையும் அவர் வற்புறுத்தினால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்ளலாம். மாலக்கி முதல் மறுப்பைத்தான் கூறியிருந்தார். ஓர்லா இந்தப் பப்பின் மாடியில் பிறந்தவள்தான். ஆனால் இருபத்திரண்டு வயதில் கனடாவுக்குப் போய்ப் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, தந்தை இறந்த பிறகு, போன இலையுதிர் காலத்தில் திரும்பியவள். அந்நாட்டில் வேண்டாமென்றால் வேண்டாம்; வருகிறேனென்றால் வருகிறேன்.

மாலக்கி இழந்தது எத்தகைய நாள் என்பதைச் சொல்ல, அவருடைய மற்ற நாள்களைச் சொல்ல வேண்டும்.

அவர் காவன் மாவட்டத்துக்காரர். அங்கிருந்து பதினாறு வயதில், 1974-ஆம் ஆண்டு, ஒரு பெட்டியுடன் டெம்ப்சி பப்புக்கு வேலை பழக வந்தார். முதல் ஆண்டு முழுவதும் நிலவறையில் பீப்பாய் உருட்டினார்; புட்டி கழுவினார். இரண்டாம் ஆண்டில்தான் பீர்க் குழாயின் பிடியைத் தொடவிட்டார்கள். கறுப்பு பீரை முக்கால் கிளாஸ் நிரப்பி, அது கலங்கித் தெளிந்து நுரை கட்டும்வரை ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஒதுக்கிவைத்து, பிறகு மேலே நிரப்பிக் கொடுக்க வேண்டும். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் நிரப்பிய பைண்ட் கிளாஸ்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் குடித்ததில்லை. மது தொடுவதில்லை என்று இளமையில் எடுத்த உறுதியை அவர் மீறவே இல்லை.

பீர் ஊற்றுவது அவரைக் களைக்கச் செய்யவில்லை. களைப்பு வேறிடத்திலிருந்து வந்தது.

எந்தப் பயணக் குறிப்பைப் புரட்டினாலும், பழைமை வாய்ந்த தலைநகரம், நட்பான மக்கள், கலகலப்பான பப்புகள் என்று டப்ளினைப் பற்றி எழுதியிருக்கும். யாரோ விட்டுச்சென்ற விமான இதழ் ஒன்றில் மாலக்கியே அதைப் படித்திருக்கிறார். நட்பு அவ்வூர் மண்ணில் தானாக முளைப்பது என்று எழுதியவர் எண்ணியிருக்க வேண்டும். அதை நாள்தோறும் பத்து மணி நேரம், கல் தரையில் நின்றபடி, சிலர் தயாரித்துக் கொடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திராது. கோடையில் ஒரே நாளில் அறுபது பேருக்குப் பேராலயத்துக்கு வழி சொல்லியிருக்கிறார் மாலக்கி.

"நேராப் போங்க, ரெண்டு பேராலயம் வரும். முதல் கோயில்ல மன்னிப்புக் கேட்டுடுங்க, ரெண்டாவதுல நன்றி சொல்லிடுங்க. வழியில பாவம் பண்ண நேரம் இருக்காது, பக்கம்தான்."

சிரிப்பார்கள். மழை எப்போது நிற்கும் என்பார்கள். "எப்ப ஆரம்பிச்சதுன்னே ஞாபகம் இல்லீங்களே" என்பார். கட்டடத்துக்கு எத்தனை வயது என்பார்கள். "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ புதுசா இருந்துச்சு" என்பார். இப்படிச் சுமார் பதினைந்து வாசகங்கள் அவரிடம் இருந்தன. கேட்பவருக்கு அந்த நிமிடத்தில், அவருக்காகவே தோன்றியதுபோல ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். அதில்தான் வேலை இருந்தது. சிரித்த முகத்துடன் ஒருவர் படியேறித் தெருவுக்குப் போனதும் அடுத்தவர் அதே கேள்வியுடன் இறங்குவார்.

மனைவி நோரீன் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்கு வேலை. நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவாள். பெரும்பாலான நாள்களில் மாலக்கி வீடு திரும்புவது நள்ளிரவுக்குப் பின். அவருக்கு வார விடுமுறை திங்கள், அவளுக்கு ஞாயிறு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய காகிதத் துண்டுகள் வழியே அவர்கள் இல்லறம் நடந்தது. "பால் தீர்ந்துவிட்டது." "குழாய்க்காரர் வியாழன் வருவார்." "உன் அக்கா தொலைபேசினாள்." இரு பிள்ளைகளும் இப்படியே வளர்ந்து, ஒருவன் ஆஸ்திரேலியாவிலும் ஒருத்தி மேற்குக் கரையில் கால்வேயிலுமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆண்டுக்கு இரண்டே நாள்களில்தான் நாட்டிலுள்ள எல்லாப் பப்புகளும் பூட்டியிருக்கும்: கிறிஸ்துமஸ், புனித வெள்ளி. கிறிஸ்துமஸ் உறவினர்களுக்குப் போய்விடும். புனித வெள்ளி அவர்கள் இருவருக்கும் உரியது. பதினொரு மணி ரயிலில் ஹோத் துறைமுகத்துக்குப் போவார்கள். அலைதாங்கிச் சுவரின் மேல் கலங்கரை விளக்கம்வரை நடந்து திரும்பிவிட்டு, இரண்டு மணிக்கு மீன் சாப்பிடுவார்கள். முப்பத்தாறு ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. மாலக்கி அன்று அதிகம் பேசமாட்டார். காவன் ஆண்கள் வாய் திறக்காதவர்கள் என்று நோரீனும் அதை ஏற்றுக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, அவள் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போது மாலக்கி செய்தியைச் சொன்னார்.

நோரீன் ஒற்றைக் காலணியுடன் நிமிர்ந்தாள். "எத்தனை தடவை கேட்டா?"

"ஒரு தடவை."

"ஒரு தடவை கேட்டதுக்கா வரேன்னு சொன்னே?"

"ஒரு தடவை கேட்டா அப்படித்தானே சொல்லணும்? ரெண்டாவது கேப்பான்னு பார்த்தேன். அவ எழுந்தே போயிட்டா."

"அவ கனடாக்காரி ஆயிட்டா, மனுஷா!"

"பொறந்தது இங்கதானே."

"பொறந்தா போதுமா? நாளைக்குப் போய் 'எனக்கு அந்த நாள் வேணும்'னு சொல்லு. நாலே வார்த்தை."

"வரேன்னு வாயால சொல்லிட்டு எந்த மூஞ்சியோட மாத்திப் பேசறது? அவங்கப்பா போய் இன்னும் வருஷம் திரும்பல. பாவம், தனியாத் தடுமாறுறா."

"அவ பாவம். சரி. அந்த வெள்ளிக்காக ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரேன்னு நான் மாத்திக்கிட்டேனே, அது உனக்கு நெனப்பு இருக்கா?"

இருந்தது. ஆண்டுதோறும் அவள் அப்படி மாற்றிக்கொள்வது அவருக்குத் தெரியும். நோரீன் மற்றொரு காலணியையும் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

மாலக்கி முயலாமல் இல்லை. ஓர்லாவை எப்படியாவது இரண்டாம் முறை கேட்கவைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். யோசனை கூறியவர் மோஸி கீயோ. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்; இருபது ஆண்டுகளாகக் கவுண்ட்டரின் கடைசி ஸ்டூல் அவருடையது.

"நேரா கேக்காதே," என்றார் மோஸி. "பேச்சோட பேச்சா ஹோத் மீனைப் பத்தி எடுத்து விடு. அவளுக்கே உறைக்கும்."

"உறைக்கலைன்னா?"

"உறைக்கலைன்னா, நீ காசுல கெட்டியான காவன்காரன், மீன் வாங்கற செலவு மிச்சம்னு சந்தோஷப்படு."

மாலக்கி அன்று மாலையே, ஓர்லா காதுபட, புனித வெள்ளியன்று ஹோத்தில் மீன் எப்படியிருக்கும் என்று மோஸியிடம் பெருமூச்சுடன் கூறினார். ஓர்லா ஆர்வத்துடன் திரும்பினாள். "அட, நல்ல யோசனை மாலக்கி! அன்னைக்கு மெனுவுல மீனையும் போட்டுடலாம்." கரும்பலகையில் எழுதவும் எழுதிவிட்டாள்.

மறு வாரம் தம் முழங்காலைப் பற்றிப் பேசிப் பார்த்தார். அவள் உடனே போய், கவுண்ட்டருக்குப் பின்னால் விரிக்கத் தடித்த ரப்பர் விரிப்பு வாங்கிவந்தாள். கடைசியாக ஒரு நாள், "புனித வெள்ளியன்னைக்கு என் சம்சாரம்..." என்று தொடங்கினார். அதற்குள் ஜெர்மானியர் பன்னிரண்டு பேர் படியிறங்கி வந்து, பழைய நூலகம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு வழி சொன்னார். தொடங்கிய வாக்கியம் அப்படியே போயிற்று.

இதற்கு மேல் ஒரு பத்திரிகைக்காரருக்கும் ஓர்லா சொல்லி வைத்துவிட்டாள். நாற்பத்து நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஊழியர் தம் முதல் புனித வெள்ளிப் பைண்ட்டை ஊற்றுவதைப் படம் எடுப்பதாக ஏற்பாடு. "நீங்களா முன்வந்து வரேன்னு சொன்னதையும் சொல்லிட்டேன் மாலக்கி. அசந்து போயிட்டாங்க!"

மோஸி தம் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இனிமே நீ செத்தாத்தான் லீவு."

புனித வெள்ளியன்று காலையிலிருந்து குளிர்ந்த தூறல். மாலக்கி வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஏப்ரனும் அணிந்துகொண்டு புறப்பட்டபோது நோரீன் படுக்கையில் இருந்தாள். விழித்துத்தான் இருந்தாள். ஆனால் திரும்பிப் படுத்திருந்தாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் காகிதம் எதுவும் இல்லை.

பத்தரைக்குக் கதவைத் திறந்தார்கள். பதினொன்றரைக்குள் நிற்க இடமில்லை. புகைப்படக்காரர் மூன்று பைண்ட்டுகளை ஊற்றச் சொன்னார். மூன்றிலும் மாலக்கி ஒரே மாதிரி சிரித்தார். கேள்விகள் தொடங்கின. இத்தனை ஆண்டு ஏன் மூடியிருந்தீர்கள்? இன்று திறந்தால் பாவமில்லையா? "பாவம்தாங்க. அதான் வெளியே மழை; உள்ளே வர்றவங்களை முதல்லயே கழுவி அனுப்புறாங்க." அது புதிய வாசகம், பதினாறாவது. நண்பகலுக்குள் அதையும் இருபது முறை சொல்லியாயிற்று. கால்கள் கனத்தன. ரப்பர் விரிப்பில் நின்றாலும் வலி குறையவில்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கதவருகே சாம்பல் நிறக் கோட்டுடன் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். அந்தக் கோட்டை நோரீன் புனித வெள்ளியன்று மட்டும்தான் அணிவாள். குடையிலிருந்து நீர் சொட்ட, அவள் உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றாள்.

அவள் எந்தப் பப்புக்குள்ளும் நுழைந்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தந்தையைத் தேடி அவர் குடிக்கும் பப்பின் வாசலில் நின்ற பெண் அவள். பன்னிரண்டு வயதில், இனி உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தவள். பப்பில் வேலை பார்ப்பவரை அவள் மணந்ததற்கு ஒரே காரணம், அவர் குடிக்கமாட்டார் என்பதே. இத்தனை ஆண்டுகளில் டெம்ப்சியின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை.

இன்று மிதித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கவுண்ட்டரின் கோடிவரை வந்தாள். அவள் யாரென்று மோஸிக்குத் தெரியாது. எனினும் வயதில் மூத்த பெண் நிற்பது பொறுக்காமல், இருபது ஆண்டுகளில் முதன்முறையாகத் தம் ஸ்டூலை விட்டெழுந்தார்.

"உக்காருங்க அம்மணி. வெளியூருங்களா?"

"க்ரம்லின்."

"அட, நம்ம பக்கம்தானா! இங்க வந்ததே இல்லையா? அப்ப மாலக்கி பேச்சைக் கேட்டதில்லைன்னு சொல்லுங்க. அதோ நிக்கிறாரே, அவர்தான். பீருக்கு வர்றவங்க பாதி, அவர் வாய்க்கு வர்றவங்க பாதி. நானே பொண்டாட்டி போனப்புறம் ரெண்டு வருஷம் பைத்தியம் பிடிக்காம இருந்தது அவராலதான். சிரிக்க வெச்சே கரை சேர்த்துட்டார்."

"அப்படியா?" என்றாள் நோரீன்.

"வீட்டுல அந்தம்மா குடுத்து வெச்சவங்க. தினம் சிரிச்சுச் சிரிச்சே வயிறு புண்ணாயிருக்கும்."

நோரீன் மாலக்கியைப் பார்த்தாள். அவர் ஒரு ஜப்பானியத் தம்பதியிடம் குனிந்து ஏதோ சொல்ல, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு முதியவர் தம் மூதாதையர் பெயரைச் சொல்ல, மாலக்கி நெற்றியைச் சுருக்கி, அந்தக் குடும்பத்தை நெடுநாள் தேடிக்கொண்டிருந்தவர்போலக் கையைப் பற்றிக் குலுக்கினார். அவர் கைகள் பேசின, புருவங்கள் பேசின. இந்த மனிதரை நோரீன் இதுவரை கண்டதில்லை.

அவர் அவள் எதிரே வந்து சேரப் பத்து நிமிடமாயிற்று. ஒரு பைண்ட்டை முக்கால் நிரப்பி ஒதுக்கிவைத்துவிட்டு வந்தார். அது தெளிவதற்குள் இரண்டு நிமிடம் அவருக்கு உண்டு.

"என்ன குடிக்கிறே?"

"டீ."

அவர் எட்டி, தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலின் பொத்தானைத் தட்டினார். நோரீன் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே, அப்படிச் சிரிச்சா?"

"சும்மா, மழையைப் பத்தி."

"மழையைப் பத்தி என்ன?"

அவர் சொன்னார். அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"முப்பத்தாறு வருஷமா நம்ம வீட்டு மேலயும்தான் மழை பெய்யுது. என்கிட்ட ஒரு நாள் சொன்னியா?"

பைண்ட் தெளிந்துவிட்டது. அவர் போய் மேலே நிரப்பிக் கொடுத்துவிட்டு, இருவருக்கு வழி சொல்லிவிட்டு, அடுத்த கிளாஸை ஒதுக்கிவைத்துவிட்டுத் திரும்பினார்.

"வீட்டுக்கு வரும்போது தீர்ந்து போயிருக்கும், நோரீன்."

"எது?"

"பேச்சு."

"நீ பேசத் தெரியாதவன்னு நெனச்சுக்கிட்டேன். காவன்காரன், அவ்வளவுதான்னு விட்டுட்டேன்." அவள் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "பால் கறக்கிறவன்கூட வீட்டுக்குன்னு ஒரு சொம்பு எடுத்து வெச்சிட்டுத்தான் விப்பான்."

மாலக்கியின் பதினாறு வாசகங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அருகில் நின்ற மோஸி, கேட்டவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்தது. "அடக் கடவுளே" என்று முணுமுணுத்தவாறு கூட்டத்துக்குள் புகுந்து ஓர்லாவைத் தேடிப் போனார்.

மோஸியின் எண்ணம் நல்லதுதான். ஆனால் மாலக்கியின் பெயரைச் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும் என்று, அவர் சுற்றிவளைத்துப் பேசினார். "ஏம்மா ஓர்லா, இந்த ஊர்ல யாரையும் ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடக் கூடாது. மொதல்ல சொல்றது வாய்க்குச் சொல்றது. மூணு தடவை கேட்டாத்தான் மனசுல இருக்கறது வெளியே வரும். மறந்துட்டியா?" ஓர்லா நெற்றியில் தட்டிக்கொண்டாள். சிறுவயதில் அத்தை வீட்டில் கேக்குக்காக மூன்றாம் முறைவரை காத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. எதற்காகச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

அன்று மாலக்கியின் வேலை மூன்று மணிவரைதான். இயேசு உயிர்விட்ட அந்நேரத்துக்குத் தேவாலய மணி ஒலித்தபோது பழைய வாடிக்கையாளர்கள் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். ஓர்லா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"மாலக்கி, சாயந்திர ஆளுக்குக் காய்ச்சலாம், வரலையாம். ஆறு மணி வரைக்கும் இருந்து கொடுக்க முடியுமா?"

அவர் நாக்கின் நுனிக்கு "அதுக்கென்னம்மா" என்பது வந்துவிட்டது. நோரீன் ஸ்டூலிலேயே இருந்தாள். கோட்டைக்கூட அவள் கழற்றியிருக்கவில்லை.

"முடியாதும்மா," என்றார் மாலக்கி.

ஓர்லாவின் முகம் மலர்ந்தது. அவளுக்குத்தான் இப்போது வழக்கம் தெரியுமே. "சும்மா சொல்லாதீங்க மாலக்கி. உங்களை விட்டா யார் இருக்கா? இருந்துடுங்க."

"இல்லம்மா. முடியாது."

"எனக்காக, மாலக்கி," என்று அவள் அவர் தோளைத் தொட்டாள். மூன்றாம் முறை என்பதால் முகத்தில் முன்கூட்டியே நன்றி தெரிந்தது. "நான் இவ்வளவு தூரம் கேக்கறேன்ல?"

மாலக்கி ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். "ஓர்லா, இது நிஜமான முடியாது. அதோ உக்காந்திருக்கா, அது என் சம்சாரம். வருஷத்துல இந்த ஒரு நாள்தான் எங்களுக்கு. அதுலயும் பாதி போயிடுச்சு."

"ஏசுவைத் தெரியாதுன்னு மறுத்த பேதுருவே மூணாவது தடவையோட நிறுத்திக்கிட்டார்," என்றார் மோஸி. "சேவல் கூவறதுக்குள்ள விட்டுடும்மா அவரை."

ஓர்லா நோரீனைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தாள். அதில் அவர் பெயருக்கு அடியில் தான் இட்ட நீலக் கோட்டைப் பார்த்தாள். "ஐயோ மாலக்கி! அன்னைக்கே வேணும்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. வரேன்னு சொன்னேனில்ல, அதான்."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஏப்ரனை அவர் கையிலிருந்து வாங்கித் தானே கட்டிக்கொண்டு குழாயருகே போனாள். "மோஸி, நீங்க சும்மாத்தானே இருக்கீங்க? காலி கிளாஸெல்லாம் பொறுக்குங்க."

"நான் வாடிக்கையாளர்!"

"இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமா?"

அவர்கள் வெளியே வந்தபோது தூறல் நின்றிருந்தது. டாரா ஸ்ட்ரீட் நிலையம்வரை நடந்தார்கள். மாலக்கி மெதுவாகத்தான் நடந்தார். நோரீன் அதற்கேற்ப அடி வைத்தாள். நாலேகால் ரயிலில் சன்னலோர இடம் கிடைத்தது.

"ஏதாவது சொல்லு," என்றாள் அவள், ரயில் நகர்ந்ததும்.

"என்ன சொல்ல?"

"எனக்கென்ன தெரியும்? ஊர் பேர் தெரியாதவங்ககிட்டெல்லாம் சொல்றியே."

அவர் சிறிது யோசித்தார். "ஒரு தடவை ஒரு அமெரிக்காக்காரர் வந்து, இந்தக் கட்டடம் எவ்வளவு பழசுன்னு..."

"அது வேணாம். அது அவங்களுக்கு வெச்சிருக்கறது."

மாலக்கி வேறு ஏதாவது அகப்படுமா என்று தமக்குள் துழாவினார். துழாவிக்கொண்டே கண்ணை மூடினார். இரண்டு நிலையங்கள் கடப்பதற்குள் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது.

அவர் கண் விழித்தபோது ரயில் நின்றிருந்தது. வெளியே பலகையில் கில்லெஸ்டர் என்றிருந்தது.

"இன்னும் ஹோத் வரலையா?"

"வந்துச்சு. போச்சு," என்றாள் நோரீன். "பத்து நிமிஷம் நின்னுட்டுத் திரும்பிருச்சு. இப்ப ஊருக்குப் போயிக்கிட்டிருக்கோம்."

"எழுப்பியிருக்கலாமே!"

"பார்த்தேன். வாயைத் திறந்துக்கிட்டு அப்படித் தூங்கினே. கடலும் சன்னல் வழியா தெரிஞ்சுது. போதும்னு விட்டுட்டேன்."

முப்பத்தாறு ஆண்டுகளில் வீணாகிப்போன முதல் புனித வெள்ளி. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார்.

அதற்குள் டாரா ஸ்ட்ரீட் வந்துவிட்டது. க்ரம்லின் பேருந்துக்கு அங்கேதான் இறங்க வேண்டும். நோரீன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாலக்கி இருக்கையின் பிடியை அழுத்தி எழ முயன்றார், முடியவில்லை. மீண்டும் உட்கார்ந்துவிட்டார்.

"கால் எழும்ப மாட்டேங்குது நோரீன்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

கதவுகள் மூடிக்கொண்டன. ரயில் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. நோரீன் குடையைக் காலடியில் வைத்துவிட்டு மறுபடியும் அவர் பக்கத்தில் அமர்ந்தாள். "இது ப்ரே வரைக்கும் போகும். எங்க வலிக்குதுன்னு சொல்லு."

"இடது கால்ல. பெருவிரலுக்கு அடுத்த விரல்லேருந்து ஆரம்பிக்கும்," என்றார் மாலக்கி. குரல் கரகரத்தது. நகைச்சுவை எதுவும் இல்லாமல், மெதுவாக, தட்டித்தடவிச் சொன்னார். "நின்ன அஞ்சாவது மணியில குதிகாலுக்கு வரும். ராத்திரி படிக்கட்டு ஏறும்போது, நீ முழிச்சுக்கக் கூடாதுன்னு, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெச்சு ஏறுவேன்..."

"அப்புறம்?" என்றாள் நோரீன்.

பூட்டர்ஸ்டவுன் நிலையம் தாண்டியதும் இடப்பக்கச் சன்னலில் கடல் வந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.